தாலி இருக்க, துணை இல்லாதபோது: கைவிடலும் நீதிமுறைப் பிரிவும்



“அவர் விட்டுட்டுப் போயிட்டாரு.” வழக்குரைஞரின் மேசைக்கு எதிரே உட்காரும் பெண் சொல்லும் முதல் வாக்கியம் பல நேரங்களில் இதுதான். சரிம்மா, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் எளிதில் வராது. மணவிலக்கா என்றால் வேண்டாம் என்பார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், மாமியார் இன்னும் தன்னோடுதான் இருக்கிறார், கணவரே ஒருநாள் திரும்பி வந்தாலும் வரலாம். அப்படியானால் இப்படியே இருந்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது, கணவர் பெயரில் வாங்கிய வீடு இருக்கிறது. மணவிலக்கும் வேண்டாம், மௌனமும் முடியாது என்று நிற்கிற இவருக்கு நம் மலேசிய நாட்டுச் சட்டத்தில் ஒரு நிவாரணம் உண்டு. அதன் பெயர் நீதிமுறைப் பிரிவு. அதைக் கேட்டு மனுப்போடுபவர்கள் மிகக் குறைவு. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் இன்று இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டுத் தொடர்களையும் அங்குள்ள வழக்குரைஞர்களின் காணொளிகளையும் பார்த்துவிட்டு, “13ஆவது பிரிவின்படி மனுப்போட வேண்டும்” என்று இங்கே சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். இந்தியாவிலும், இந்தியாவை நிரந்தர வாழிடமாகக் கொண்டு வெளியில் இருக்கும் இந்துக்களுக்கும் அது பொருந்தும். மூன்று நான்கு தலைமுறைகளாக இந்த மண்ணில் வேர்விட்ட நமக்கு அது பொருந்தாது. நமக்கு உரியது 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம், அதாவது சட்டம் 164. அது 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சீனர், இந்தியர், கிறிஸ்தவர் என்று முஸ்லிம் அல்லாதவர் பெரும்பாலோருக்கும் பொதுவானது. ஆனாலும் இந்து வழக்கத்தை அது அறவே மறந்துவிடவில்லை. நெருங்கிய உறவில் திருமணம் கூடாது என்று விலக்கும் 11ஆவது பிரிவு, தாய்மாமனை மணக்கும் இந்து வழக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறது. கோயில் குருக்களைத் திருமண உதவிப் பதிவாளராக நியமிக்கவும் வழி இருக்கிறது.

1982க்கு முன்பு நிலைமை என்ன? 1807இல் பினாங்குக்கு நீதிமன்றச் சாசனம் கிடைத்த காலத்திலிருந்து, குடும்ப விஷயங்களில் அந்தந்தச் சமயத்தார் வழக்கத்துக்கு நீதிமன்றங்கள் இடம் கொடுத்துவந்தன. இந்து ஆண் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்வதும் அந்த வழக்கத்தில் அடங்கியது. மணவிலக்குக்கென்று இருந்த 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒருதார மணங்களுக்கே உரியது. வழக்கப்படி தாலி கட்டிக்கொண்ட பெண் அந்தச் சட்டத்தின் வாசலில்கூட நிற்க முடியாது. ‘ரஜுலா’ கப்பல் 1926இல் கட்டப்பட்டு, அதற்குப் பின் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குத் துறைமுகத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. அதில் வந்தவர்களில் சிலர் ஊரில் ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமுமாக வாழ்ந்து முடித்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலும் இராமநாதபுரத்திலும் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை. அவர்களைப் பற்றி எழுதிவைத்தவரும் அதிகமில்லை.

கடல் கடந்து போய் மனைவியை விட்டுவிடுவது அதைவிடப் பழைய கதை. பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையார் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மாங்கனி அதிசயத்தைக் கண்டு அஞ்சிய பரமதத்தன், வணிகத்துக்குப் போவதாகச் சுற்றத்தாரிடம் சொல்லிக் கப்பலேறினான். திரும்பியபோது காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டிநாட்டு நகரொன்றில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று முதல் மனைவியின் பெயரையே வைத்தான். கடைசியில் அவனை நேரில் சந்தித்த புனிதவதியார் இல்லறக் கோலத்தையே துறந்தார். பக்தி நூலாக நாம் படிக்கும் இந்தப் பகுதியை ஒரு வழக்குரைஞராக நான் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பரமதத்தன் மனைவியைக் கைவிட்டது எந்த நாளில்? கப்பலேறிய நாளிலா, பாண்டிநாட்டில் மணந்த நாளிலா? வணிகம் என்பது சுற்றத்தாருக்குச் சொன்ன சாக்கு. மனத்துக்குள் பிரிவை முடிவுசெய்துவிட்டுத்தான் அவன் கரையை விட்டான். ஆகவே சட்டத்தின் கணக்கில் கப்பலேறிய நாளே கைவிட்ட நாள்.

கைவிடல் பற்றிய சட்டம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இருவரும் பிரிந்து வாழ்வது ஒரு கூறு. இல்லறத்தை நிரந்தரமாக முடித்துக்கொள்ளும் எண்ணம் இன்னொரு கூறு. இரண்டும் விட்டுப் போனவரிடம் இருக்க வேண்டும். விடப்பட்டவர் பக்கத்திலும் இரண்டைப் பார்ப்பார்கள். பிரிவுக்கு அவர் சம்மதித்திருக்கக் கூடாது. மற்றவர் வெளியேறுவதற்கு நியாயமான காரணத்தை அவரே கொடுத்திருக்கவும் கூடாது.

தூரமும் காலமும் மட்டும் கைவிடலாகாது என்பதற்கு ஜார்ஜ் டவுன் நகரமே சாட்சி. பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில் தொழில் நடத்திய நகரத்தார் கடைகளின் ஏஜெண்டுகள் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் வந்தார்கள். மனைவி செட்டிநாட்டு வீட்டில் இருப்பார்; கணவர் கணக்கு முடித்துக் கப்பலேறும்வரை இங்கேதான். மூன்றாண்டு பிரிவு, நடுவில் கடிதங்கள் மட்டும். இதைக் கைவிடல் என்று எவரும் சொல்லமாட்டார்கள். தவணை முடிந்ததும் திரும்புவது இருவரும் அறிந்த ஏற்பாடு. அதே கணவர் இரண்டாம் ஆண்டில் இனி ஊருக்குப் போவதில்லை என்று முடிவுசெய்து, பணம் அனுப்புவதையும் நிறுத்தியிருந்தால்? அவர் உட்கார்ந்திருக்கும் இடம் மாறவில்லை, உறங்கும் அறை மாறவில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்த நாளிலிருந்து கைவிடல் தொடங்கிவிடுகிறது. இன்று சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவர்களின் விஷயத்திலும் இதே அளவுகோல்தான். வாரம் ஒருமுறை வந்தவர் மாதம் ஒருமுறை வந்து, பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்து, அதன்பின் தொலைபேசி எண்ணையே மாற்றிவிடுகிறார். இவற்றில் எந்தக் கட்டத்தில் எண்ணம் உறுதியானது என்பதை நீதிபதி சான்றுகளிலிருந்துதான் ஊகிக்க முடியும்.

இந்த ஊகத்தை எப்படிச் செய்வது என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1956 அக்டோபரில் விளக்கியது. பிபின்சந்திர ஷா – பிரபாவதி வழக்கு அது. இந்துத் திருமணச் சட்டத்துக்கும் முந்திய 1947ஆம் ஆண்டு பம்பாய் மணவிலக்குச் சட்டத்தின்கீழ் எழுந்தது. அந்தச் சட்டம் நான்காண்டுக் கைவிடலைக் கேட்டது. கணவர் 1947இல் சில மாதங்கள் இங்கிலாந்து போயிருந்தார். திரும்பியபோது, மனைவி வேறொருவருக்கு எழுதிய கடிதம் ஒன்று குடும்பத்தார் கையில் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டார். மனைவி மே 24ஆம் தேதி பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டார். ஜூலையில் கணவரின் வழக்குரைஞர் கடிதம் போனது. பெரியவர்கள் சமாதானம் பேசி, அவரைத் திருப்பி அழைத்துவர முயன்றார்கள். நவம்பரில் கணவர் தந்தி அடித்தார்: அவளை அனுப்ப வேண்டாம் என்று. பிறகு மனைவி தன்னைக் கைவிட்டார் என்று வழக்கும் போட்டார். விசாரணை நீதிபதி ஏற்றார், மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. நீதிபதி பி.பி. சின்ஹா எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் கணவரின் முறையீட்டைத் தள்ளியது. வெட்கத்தால் வீட்டைவிட்டுப் போன பெண்ணுக்கு இல்லறத்தை முடித்துக்கொள்ளும் எண்ணம் இருந்ததாக மெய்ப்பிக்கவில்லை. திரும்பி வர முயன்றவரைத் தடுத்ததும் அந்தத் தந்திதான். உரிய காலம் முடியுமுன் ஒருவர் உண்மையாகவே திரும்பி வர முன்வந்தால் கைவிடல் அங்கேயே முடிகிறது என்றும், அதைக் காரணமின்றி மறுப்பவரே கைவிட்டவராக மாறக்கூடும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

இந்த வழக்கை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைய தந்தி இன்று வாட்ஸ்அப் குரல்பதிவாக இருக்கிறது. கணவர் போய் மூன்று வாரத்தில், ஆற்றாமையில், பெண்கள் சிலர் “இனிமே இந்த வீட்டு வாசலை மிதிக்காதே” என்று அனுப்பிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அந்தக் கோபம் புரியும். ஆனால் ஈராண்டு கழித்து நீதிமன்றத்தில் அந்தப் பதிவை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்போது, நான் போகவில்லை, என்னை வரவிடவில்லை என்று வாதம் திரும்பிவிடும். அம்மா, உங்கள் கோபத்தை உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், கணவருக்கு எழுதாதீர்கள். அவர் போன நாள், கடைசியாகப் பணம் வந்த மாதம், நீங்கள் கூப்பிட்டு அவர் எடுக்காத அழைப்புகள், உறவினர் மூலம் சொல்லியனுப்பியது, போலீசில் கொடுத்த புகாரின் நகல், இவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டைவிட்டுப் போனவர்தான் கைவிட்டவர் என்று ஆகாது. அடிக்குப் பயந்து இரவோடிரவாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்த்து, “நீதானே வெளியேறினாய்” என்று சொல்லும் உறவினர்கள் இருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. தம் நடத்தையால் மற்றவரை வெளியேறும்படி நெருக்கியவர், தம் வீட்டில் தம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாலும், கைவிட்டவர் அவரே. அந்தப் பெண்ணுக்கு 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். கணவன் மனைவியரில் ஒருவர் மட்டும் கேட்கும் மணவிலக்குக்குச் சட்டம் 164இல் முதன்மையான அடிப்படை இது: திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பது. அதைக் காட்டும் நான்கு நிலைகளை 54ஆவது பிரிவு சொல்கிறது. பிறன்மனை உறவு, சேர்ந்து வாழ முடியாத நடத்தை, மனுவுக்கு முந்தைய ஈராண்டுத் தொடர்ச்சியான கைவிடல், ஈராண்டுத் தொடர்ச்சியான பிரிந்துவாழ்தல். 64ஆவது பிரிவு இதே நிலைகளை வைத்து, மணவிலக்குக்குப் பதிலாக நீதிமுறைப் பிரிவு கேட்கலாம் என்கிறது. ஆணை கிடைத்தால், மனுதாரர் எதிர்த்தரப்பினரோடு சேர்ந்து வாழ வேண்டிய கடமையிலிருந்து விடுபடுகிறார். திருமணம் அப்படியே இருக்கிறது. தாலி இருக்கிறது, மனைவி என்ற நிலை இருக்கிறது. இருவரும் மறுமணம் செய்ய முடியாது. செய்தால் அது குற்றம்.

வெறும் காகித ஆணை என்று இதை நினைத்துவிடக் கூடாது. நீதிமுறைப் பிரிவு வழங்கும்போதே மணவாழ்க்கையில் சேர்த்த சொத்தைப் பிரிக்க 76ஆவது பிரிவும், மனைவிக்கு ஜீவனாம்சம் விதிக்க 77ஆவது பிரிவும் இடம் தருகின்றன. நான் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண் கேட்டது இவற்றைத்தான். மணவிலக்குச் செய்யாமலே கணவர் பெயரிலுள்ள வீட்டில் தன் பங்கை அவர் கேட்கலாம்.

ஈராண்டு பிரிந்துவாழ்ந்தாலே போதும் என்று தனி நிலை இருக்கும்போது கைவிடலை ஏன் மெய்ப்பிக்க வேண்டும் என்று இளைய வழக்குரைஞர்கள் கேட்கிறார்கள். எண்ணத்தை மெய்ப்பிக்கும் சிரமம் அதில் இல்லைதான். ஆனால் 78ஆவது பிரிவைப் படியுங்கள். ஜீவனாம்சத்தை முடிவுசெய்யும்போது நீதிமன்றம் இருவரின் வசதியையும் தேவையையும் முதலில் பார்க்கும். அதோடு, முறிவுக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பதையும் கருத்தில்கொள்ளும். வெறுமனே பிரிந்து வாழ்ந்தோம் என்று எழுதிக்கொடுத்தால் அந்தப் பொறுப்பு மங்கிப்போகிறது. பதினைந்து ஆண்டு சமைத்துப்போட்டு, அவருடைய தாயாரைப் பார்த்துக்கொண்ட பெண்ணை விட்டுவிட்டு ஒருவர் போனார் என்றால், அது அப்படியே பதிவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காத்திருந்த காலம் வீணாகுமே என்ற அச்சமும் வேண்டாம். நீதிமுறைப் பிரிவு பெற்றவர் பின்னாளில் மனம் மாறி மணவிலக்குக் கேட்கலாம் என்கிறது 65ஆவது பிரிவு. இடையில் மீண்டும் சேர்ந்து வாழாமலும் ஆணை தொடர்ந்து நடப்பிலும் இருந்தால், முதல் மனுவுக்கு முந்திய கைவிடல் காலமே இரண்டாவது மனுவுக்கும் கணக்காகும். மறுபடி ஈராண்டு எண்ண வேண்டியதில்லை. இந்தியச் சட்டத்தில் 1955 முதல் 1976 வரை கைவிடலுக்கு நேரடி மணவிலக்கே கிடையாது. ஈராண்டுக் கைவிடலைக் காட்டி முதலில் நீதிமுறைப் பிரிவுதான் பெற முடியும். அதன்பின் ஒரு காத்திருப்பு. 1976ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இரண்டுக்கும் ஒரே காரணங்களை ஆக்கியது. நமக்கு அந்தச் சுற்றுவழி இருந்ததில்லை. எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை தொடக்கத்திலிருந்தே நம் கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எதிர்த்தரப்பினர் வராதபோது பெற்ற ஆணையை அவர் பின்னால் வந்து நீக்கக் கேட்கலாம். கைவிடலுக்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டியும் கேட்கலாம். 64ஆவது பிரிவே இதற்கு இடம் தருகிறது. ஆகவே மனுவை அவருக்கு முறையாகச் சேர்ப்பிப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். முகவரி தெரியாவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு நாளிதழில் அறிவிப்பு வெளியிடலாம்.

முறிவைக் காட்டிக் கேட்கும் மணவிலக்கு என்றால் 106ஆவது பிரிவின்படி முதலில் சமரசக் குழுவிடம் போக வேண்டும். தேசியப் பதிவிலாகாவில் நடக்கும் அந்த அமர்வுகளைப் பலர் அறிவீர்கள். ஆனால் கைவிட்டுப் போனவர் இருக்குமிடமே தெரியவில்லை என்றால் அந்தப் படி தேவையில்லை. அவர் வெளிநாட்டில் வசித்து ஆறு மாதத்துக்குள் திரும்பும் வாய்ப்பில்லாவிட்டாலும் தேவையில்லை. கணவர் தம் நிரந்தர வாழிடத்தை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டாலும், கைவிடுமுன் அவருடைய வாழிடம் மலேசியாவாக இருந்திருந்தால், மனைவி இங்கேயே வழக்குத் தொடரலாம் என்கிறது 49ஆவது பிரிவு. ரஜுலா காலத்துப் பெண்களுக்கு இப்படி ஒரு வரி இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

“ஏழு வருஷம் ஆகணுமாமே?” இந்தக் கேள்வியைத் தண்ணீர்மலைக் கோயில் படிகளிலும் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன். ஏழாண்டு என்பது 63ஆவது பிரிவில் வருவது. காணாமல்போனவர் உயிரோடிருப்பதாக நம்ப இடமே இல்லாதபோது, இறந்ததாகக் கருதித் திருமணத்தைக் கலைப்பதற்கு அது. ஜொகூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஊருக்கே தெரிந்த கணவருக்கு அது பொருந்தாது. இந்தத் தவறான கணக்கை நம்பி, ஈராண்டில் நீதிமன்றம் போயிருக்க வேண்டிய பெண்கள் ஐந்தாண்டுகளைக் கூடுதலாக இழக்கிறார்கள். அதற்குள் கணவர்கள் வீட்டை விற்றுவிடுகிறார்கள்; சேமிப்பு கரைந்துவிடுகிறது.

ஈராண்டுகூடக் காத்திருக்க முடியாதவருக்கும் வழியுண்டு. 1950ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ், கணவர் பராமரிக்க மறுக்கிறார் அல்லது புறக்கணிக்கிறார் என்று காட்டிக் கீழ்நீதிமன்றத்திலேயே மாதப்படி கேட்கலாம். மணவிலக்கோ நீதிமுறைப் பிரிவோ அதற்கு முன்நிபந்தனை இல்லை. லைட் வீதி உயர் நீதிமன்றத்தின் தூண்களைப் பார்த்துத் தயங்குபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவை அணுகலாம்.

கடைசியாக, கோயில் நிருவாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோயிலில் தாலி கட்டி, விருந்து முடித்து, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் ஒரு திருமணம் செல்லாமல் போகாது என்று 34ஆவது பிரிவைக் காட்டி வாதிடலாம். ஆனால் 1982க்குப் பின் நடந்த பதிவில்லாத் திருமணங்களில் நம் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கைவிடப்பட்ட பெண் நீதிமன்றத்துக்கு வந்து, கணவரின் தவறைப் பேசுவதற்கு முன்பே தான் அவருடைய மனைவிதான் என்று மெய்ப்பிக்கப் போராட வேண்டியிருக்கிறது. மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே பதிவுச் சான்றிதழின் நகலையும் கேளுங்கள். சான்றிதழ் இன்னும் இல்லையென்றால், பதிவிலாகாவில் நாள் குறித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முகூர்த்தத்தை அதன்பின் குறித்துக்கொடுங்கள்.